வெறுஞ்சுவர்

அந்த வீட்டில் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதுவும் என்னுடையது. வீட்டுக்கார அக்காவைத் தேடி யாராவது வந்தால், "சிஸ்டர், ஒங்க சேர் கொஞ்சம் குடுங்க" என்று என் கதவைத் தட்டுவார். வந்தவர் தெருமுனை திரும்புவதற்குள் அதைத் துடைத்துக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்றால் கேட்கமாட்டார்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு சிற்றூரில் எனக்கு நர்ஸ் வேலை. திருப்பத்தூரிலிருந்து தினமும் ஏறி இறங்க முடியாது என்று அந்த வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்தேன். பின்பக்கம் அக்காவும், நான் அண்ணன் என்று கூப்பிட்ட அவர் கணவரும். அண்ணன் சொந்த மினி வேனில் பலாவும் புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு கீழே போவார். வரும்போது மளிகைச் சரக்கோடு வருவார். அக்கா பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்தார். வீடு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கிக் கட்டியது. பத்திரம் அவர்களிடம் அடமானத்தில் இருந்தது. மலைக்கு மேலே ஓட்டு வீடு, காரை வீடு என்று கலந்து கிடக்கும் அந்தத் தெருவில் அது ஒன்றுதான் தளம் போட்டு, முன்சுவரை நீளமாக எழுப்பிக் கட்டிய வீடு.

குடிபோன முதல் வாரமே கவனித்தேன். அந்த வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று வெளியே போய்க்கொண்டே இருந்தது. பீரோ நாத்தனார் வீட்டுக்குப் போயிற்று. கிரைண்டர் வேனில் ஏறிக் கீழே இறங்கியது. சீர்வரிசையில் வந்த அண்டா, குத்துவிளக்கு, கட்டில், பரணில் கிடந்த பித்தளைச் சாமான் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சிலதை விற்றார், சிலதைச் சும்மாவே கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தில் வருத்தம் தெரியாது. பல் பிடுங்கிக்கொண்டவருக்கு வருமே, அப்படி ஒரு நிம்மதிதான் தெரியும்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. தங்கள் பொருள்களை ஒவ்வொருவருக்காக எடுத்துக் கொடுப்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நாலு நாள் மென்று முழுங்கிவிட்டு நேராகவே கேட்டேன்.

"அக்கா, மனசுக்கு ஏதாவது சரியில்லையா?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சிஸ்டர் நீங்க, சாவறதுக்கு எங்க நேரம்? தவணை கீதே!"

பிறகு அவரே காரணத்தைச் சொன்னார். பின்வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். கலசப்பாக்கத்தில் அவருடைய தங்கை வீடு. அதுவும் கடனில் கட்டியதுதான். தங்கை புருஷன் நோட்டீஸை எல்லாம் மறைத்து வைத்திருந்தான். ஒருநாள் கம்பெனி ஆட்கள் போலீசோடு வந்து எல்லாரையும் வெளியே வரச் சொல்லிக் கதவைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார்கள்.

"அடுப்புல கொழம்பு. அத எறக்கக்கூட உடல சிஸ்டர். அவ நைட்டியோட தெருவுல நிக்கறா. புள்ளைங்க பொஸ்தகம், அவ தாலிச் சரடு மாத்தி வெச்ச டப்பா, எல்லாம் உள்ள. நான் போய்ப் பாக்க சொல்ல நாலு நாள் ஆய்டுச்சி. ஜன்னல் வழியா கொழம்பு ஊசின நாத்தம் வர்து. அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல கீது."

உரித்த நாரைத் திரட்டி ஓரமாகப் போட்டார்.

"அதான். எங்க வூட்டுல பூட்டு போட வந்தாங்கன்னா, உள்ள மாட்டிக்கறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது."

நான் கலங்கிப்போனேன். ஆனாலும் என் சுபாவம், அடுத்த நாளே கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டேன். ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர் எதற்கு வராத பூட்டுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பயம் சிலருக்குக் கூடவே பிறந்தது, அக்காவும் அந்த ரகம் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

வீட்டுச் செலவையும் அவர் பயந்து பயந்துதான் செய்தார். சமையலறைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கல்யாணத் தாம்பூலப் பையை மாட்டியிருப்பார். பையில் மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்திருக்குமல்லவா, அதுதான் கணக்கு. சரவணன் தேவி என்றால் கேஸ் சிலிண்டர். பாபு லட்சுமி மளிகை. முருகன் சுமதி வீட்டுத் தவணை. அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் முதல் கேள்வியே, "முருகன் சுமதிக்குப் போட்டியா?" என்பதுதான். ஒருமுறை கடுகு வாங்கப் பத்து ரூபாய் குறைந்தது. முருகன் சுமதியிலிருந்து எடுத்துக்கொண்டு நாளைக்குப் போட்டுவிடலாமே என்று சொல்லிவிட்டேன்.

"கல்யாணம் ஆனவங்க சிஸ்டர். நடுவுல கைய வெக்கக் கூடாது" என்றார். அன்றைக்குக் கடுகு தாளிக்காத ரசம்தான்.

நான் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கி வந்தபோது அதை வாசற்படி தாண்ட விடவில்லை. வேனிலிருந்து இறக்கியவர்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா குறுக்கே நின்று, "பில்லு யார் பேர்ல?" என்கிறார். என் பெயரில்தான் என்று எடுத்துக் காட்டினேன். உள்ளே போய்ச் சோற்றுப் பருக்கை நாலு கொண்டுவந்து அந்தப் பில்லை ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டிய பிறகுதான் வழிவிட்டார். "வந்து எடுத்துட்டுப் போய்ட்டாங்கன்னா ஒங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் இப்படித் துடைத்து வைத்தவர், வெளியே மட்டும் அடைத்துவைத்தார். பின்பக்கம் முழுக்கத் தோட்டம். கத்திரி, மிளகாய், தக்காளி, முளைக்கீரை. பாத்திரம் கழுவின தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாது. அவர் வீட்டில் காய்க்கு என்று தனியாகத் தாம்பூலப் பை கிடையாது. மிஞ்சியது சந்தைக்குப் போய் முருகன் சுமதியில் விழும். பின்பக்கத்துக் காயை யார் கேட்டாலும் பறித்துக்கொள்ளச் சொல்வார்.

முன்பக்கம் அப்படியில்லை. தெருவைப் பார்த்த அந்த நீளச் சுவரில் தரையிலிருந்து கூரை விளிம்பு வரை கயிறு கட்டிக் கொடி ஏற்றியிருந்தார். ஆடியில் ஊன்றின அவரை தை வரைக்கும் காய்க்கும். அது வெயிலில் காய்ந்து விழுவதற்குள் கோவைக்கொடி அந்த இடத்துக்கு வந்துவிட்டிருக்கும். எந்த மாதத்திலும் சுவர் கண்ணுக்குப் படாது. நடுவில் என் ஜன்னல் மட்டும் ஒரு பொந்துபோலத் தெரியும். அந்தக் கொடியில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. காயை அவரே பறிப்பார், அதுவும் இலையை விலக்காமல், உள்ளே கையை விட்டுத் தடவித் தடவிப் பறிப்பார். வெளிச்சம் வரவில்லை என்று நான் ஒருமுறை ஜன்னலோரம் நாலு கொடியை நறுக்கினேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். திட்டவில்லை. அறுந்த இடத்தில் பக்கத்துக் கொடியை இழுத்து நூலால் கட்டினார்.

செடிமேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்கு முந்தின ஒரு காலையில் ஜன்னலைத் திறந்தால், கொடியோடு கொடியாக ஒரு பச்சைப் பாம்பு கம்பியைச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ஒரு கம்பால் அதை எடுத்துத் தூரப் போட்டார்.

"மொதல்ல இந்தக் கொடிய அறுத்துப் போடுங்க" என்றேன்.

கையில் கம்பை வைத்திருந்தவர் கொடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அக்கா சொன்னா அறுக்கலாம்" என்று முணுமுணுத்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திடீரென்று வேறெங்கோ பார்த்தார்கள்.

"பாம்பு வந்தா அடிச்சுக்கலாம் சிஸ்டர். கொடிய எடுக்க முடியாது" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாம்பைவிட ஒரு கொடி பெரிதா? அப்படியானால் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது என் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது. அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். வெளுத்துப்போயிருந்தார்.

"போய்டாதீங்க சிஸ்டர். முருகன் சுமதில பாதி ஒங்க வாடகைதான். நீங்க போய்ட்டீங்கன்னா வூடு போய்டும்."

இருந்துவிட்டேன்.

இன்னொரு நாள் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒருவர் வந்தார். பஞ்சாயத்தில் கொசு ஒழிப்பு வாசகம் எழுதச் சொல்லியிருந்தார்கள். தெருவைப் பார்த்த பெரிய சுவர் எது என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் சைக்கிளை நிறுத்தியதுதான் தாமதம், அக்கா கையில் களைக்கொத்தோடு கொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இங்க செவுரு இல்ல. செடிதான் கீது. போங்க."

"யக்கா, ஒண்ணும் இல்லக்கா, கொசுவுக்குத்தான் எழுதணும். ஓரமா கொஞ்சம் எடம் குடுத்தா..."

பேசிக்கொண்டே அவர் பிரஷ்ஷின் பிடியால் இலைகளைக் கொஞ்சம் தூக்கி உள்ளே பார்த்தார். அப்படியே விட்டுவிட்டார். அக்காவின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. "வேணாம்க்கா. நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு பெயின்டருக்கு இத்தனை பயந்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே போன அக்கா அன்று சாப்பிடவில்லை.

அவர் பயந்தது போலவே ஒரு மழைக்காலத்தில் நடந்தது. அண்ணனின் வேன் வளைவில் வழுக்கிப் பாலத்துக் கட்டையில் மோதிவிட்டது. அவருக்குக் கை முறிந்தது. வண்டி கண்ணமங்கலத்தில் ஒர்க்ஷாப்பில் கிடந்தது. முருகன் சுமதி பை ஆணியில் சப்பையாகத் தொங்கியது. ஒரு தவணை நின்றது. இரண்டாவது தேதி நெருங்கும்போது கம்பெனியிலிருந்து பைக்கில் ஒரு பையன் வந்தான். சின்ன வயது, மரியாதையான பேச்சு. நான்தான் நாற்காலி கொடுத்தேன்.

"நான் சத்தம் போடறவன் இல்லக்கா. ஆனா இதுவும் நின்னுதுன்னா அப்பறம் எங்க கையில இல்ல. மேல இருந்து வருவாங்க, பூட்டிடுவாங்க." தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, வூட்ட காலி பண்ணிட்டீங்களா?"

"ஒங்களுக்கு வேல கம்மியா இருக்கட்டும்னுதான்" என்றார் அக்கா. டம்ளரைத் திருப்பி வாங்கி அப்போதே கழுவிக் கவிழ்த்தார்.

அவன் போன பிறகு இரண்டு துணி மூட்டைகள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒன்றில் துணிமணி, ஒன்றில் பாத்திரம். சாமி படம் மேலாகச் செருகியிருந்தது. சமைப்பதுகூடக் காலையில் ஒரே வேளை. சமைத்ததை உடனே வாளியில் போட்டு மூடி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அடுப்பில் எதையும் விட்டுவைக்கமாட்டார். மலைப் பாதையில் பைக் ஏறி வந்தால் கீழ் வளைவிலேயே சத்தம் கேட்டுவிடும். கேட்டதும் அக்கா செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டு எழுந்து நிற்பார். சத்தம் எங்கள் தெருவைத் தாண்டிப் போகும் வரை மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது.

"ஒங்க சர்ட்டிபிகேட் எல்லாம் கைப்பையிலயே வெச்சுக்கோங்க சிஸ்டர்" என்றார் என்னிடம். நான் கிண்டல் செய்யவில்லை. எடுத்து வைத்துக்கொண்டேன். அது தொற்றுநோய்போல எனக்கும் வந்துவிட்டது. சுகாதார நிலையத்தில் குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பேன், எங்கோ பைக் முக்குவது கேட்கும், என் கை தானாக நின்றுவிடும்.

கடைசியில் அண்ணனுடைய பங்கில் இருந்த புளியமரங்களைக் காய்க்கும் முன்பே, வரப்போகும் வருஷங்களுக்கும் சேர்த்து, ஒரு வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அடிமாட்டு விலை. அப்படியும் குறைந்தது. அக்கா என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, வாடகையை முன்கூட்டியே தர முடியுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கொடுத்தேன். பூட்டு வரவில்லை. ஆனாலும் மூட்டைகள் வாசலைவிட்டு நகரவில்லை. நான் மாற்றலாகித் திருப்பத்தூருக்கு இறங்கியபோதும் அங்கேயேதான் இருந்தன. எனக்குப் பிறகு பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் முன்னறைக்கு வந்தார்.

அதற்கப்புறம் எப்போதாவது போனில் பேசுவோம். போன ஆனியில் ஒருநாள் கூப்பிட்டார்.

"சிஸ்டர், முருகன் சுமதி முடிஞ்சிட்டாங்க. பத்திரம் கைக்கு வந்துடுச்சி."

வார விடுமுறையில் அரைக் கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறும்போது இன்னொரு விஷயமும் மனதில் இருந்தது. திருப்பத்தூரில் ஒரு சின்ன வீட்டுக்கு நானும் அப்போதுதான் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதை அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று வளைவுக்கு வளைவு யோசித்துக்கொண்டே போனேன்.

தெருமுனையில் திரும்பியதும் வீடு மாறிப்போயிற்றோ என்று நின்றுவிட்டேன். கொடி இல்லை. கயிறுகள் அறுந்து தரையில் குவியலாகக் கிடந்தன. அக்கா கடைசிக் கொடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க, ஆள் உயரத்துக்கு, சிவப்புப் பெயின்டில் எழுத்து.

மேலே கம்பெனி பெயர். அதன் கீழே, "இந்தச் சொத்து அடமானத்தில் உள்ளது. யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது." ஈரத்தில் ஊறி, கோவைக்கொடியின் பற்றுக்கம்பிகள் ஒட்டி, பழுப்பேறியிருந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் படிக்க வந்தது. "அடமானத்தில்" என் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், "உள்ளது" அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவில்தான் நான் அத்தனை காலம் தூங்கி எழுந்திருக்கிறேன்.

"எப்ப எழுதினாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க வர்றதுக்கு முந்தியே சிஸ்டர். வூடு கட்டின புதுசுல இவருக்கு மஞ்சக்காமால வந்து கொஞ்ச மாசம் கட்ட முடியல. வந்து எழுதிட்டுப் போய்ட்டாங்க. பின்னால பாக்கிய கட்டிட்டோம். ஆனா கடன் முடியற வரைக்கும் அழிக்கக் கூடாதுன்னுட்டாங்க." கையிலிருந்த கொடியைக் கீழே போட்டார். "அப்ப ரெண்டு பேரு ரூம் கேட்டு வந்தாங்க. இதப் படிச்சாங்க. வாசல்லயே திரும்பிட்டாங்க. அழிக்கத்தான கூடாது, செடி வெக்கலாம்ல? அதுக்கப்பறம்தான் வெச்சேன். நீங்க வந்தீங்க."

பாம்பு வந்த அன்று தெருவே ஏன் வேறு பக்கம் பார்த்தது என்று அப்போதுதான் விளங்கியது. அவர்கள் எல்லாரும் அந்தச் சுவரைப் படித்தவர்கள். ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. இலையைத் தூக்கிப் பார்த்த பெயின்டரும் சொல்லவில்லை. அக்கா பயந்தாங்கொள்ளி என்று நான் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. எதிர்காலத்தை நினைத்து அவர் பயப்படவில்லை. ஒருமுறை வந்துபோனது மறுபடி வரும் என்று பயந்தார்.

"சரிக்கா, எல்லாம் முடிஞ்சிது. இன்னிக்கே சுரண்டிட்டு வெள்ளை அடிச்சிடலாம். நானும் கூட நிக்கறேன்" என்றேன்.

அன்று முழுக்கச் சுரண்டினோம். எதிர்வீட்டுக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். சுண்ணாம்பு இரண்டு பூச்சு ஏறியதும் சுவர் கண் கூசும் வெள்ளையாக நின்றது. இனிப்பை எல்லாருக்கும் கொடுத்தேன். அக்கா தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். முகத்தில் பழைய வெளுப்பு.

"இன்னாக்கா?"

"வெறுஞ்செவுரா கீது சிஸ்டர். பாக்கறவங்களுக்கு எழுதத் தோணும்."

உடனே போய், ஈரச் சுண்ணாம்பு சொட்டிக்கொண்டிருக்கும்போதே சுவரோரமாகக் குச்சியால் குழி பறித்து அவரை விதைகளை ஊன்ற ஆரம்பித்தார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு மூட்டைகளும் கதவோரத்திலேயே இருந்தன.

பஸ்ஸுக்கு நேரமானது. கிளம்பும்போது மிச்சமிருந்த விதைகளைக் காகிதத்தில் மடித்து என் கைப்பையில் அவரே போட்டார். "எடுத்துட்டுப் போங்க. என்னிக்காவது வூடு கட்டுனீங்கன்னா வெய்ங்க" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டதைச் சொல்லவே இல்லை.

என் வீட்டின் முன்சுவரும் தெருவைப் பார்த்தது, நல்ல நீளம். இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. யாரும் வரவும் இல்லை. இருந்தாலும் பைக் ஒன்று வாசலில் வேகம் குறைத்தால் கை நின்றுவிடுகிறது. இந்த ஆடி பிறந்ததும் அந்த விதைகளை ஊன்றிவிட்டேன்.